சினைப் பசுக்களுக்கான கோடைக்காலத் தீவனம் (கொங்கு மண்டலம்)

சினைப் பசுக்களுக்கான கோடைக்காலத் தீவனம் என்பது மேய்ச்சல் காய்ந்துபோகும் மாதங்களில் சினையாக உள்ள மாடுகளுக்கு உலர்தீவனத்துடன் கூடுதலாகப் புரதம், தாது உப்பு, உயிர்ச்சத்து ஆகியவற்றை அளித்துப் பேணும் முறையாகும். தமிழ்நாட்டின் ஈரோடு, திருப்பூர், கரூர், கோயம்புத்தூர் மாவட்டங்களில் தை மாதம் முதல் வைகாசி வரை மேய்ச்சல் நிலங்களில் பச்சை குறைவாகவே இருக்கும். மானாவாரிப் பகுதிகளில் வளர்க்கப்படும் காங்கேயம் மாடுகளில் பல, இந்த மாதங்களிலேயே சினையின் கடைசிக் கட்டத்தில் இருக்கின்றன. பால் தராத காலமாதலால் சினைப் பசுவுக்குத் தீவனச் செலவைக் குறைப்பது பல கட்டுத்தரைகளில் வழக்கமாக உள்ளது. ஆனால் பிறக்கும் கன்றின் வலிமையும், பசு அடுத்த முறை சினைபிடிக்கும் காலமும் பெரும்பாலும் அந்த மாதங்களின் தீவனத்தைப் பொறுத்தே அமைகின்றன.

பின்னணி

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடும்.

இந்த மண்ணுக்கு ஏற்ப உருவான மேய்ச்சல் முறை கொறங்காடு எனப்படுகிறது. முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நிலத்தைச் சிறு காடுகளாகப் பிரித்து, அவற்றில் மாடு, ஆடுகளை மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். கொழுக்கட்டைப்புல் முதன்மைப் புல்லாகவும், வெள்வேல் முதன்மை மரமாகவும் இருக்கும். மழைக்குப் பின் இளம்பச்சையாக இருக்கும்போது கொழுக்கட்டைப்புல்லில் 8 முதல் 10 விழுக்காடு வரை புரதம் இருக்கும். காய்ந்தபின் அது 3 அல்லது 4 விழுக்காடாகக் குறைந்துவிடும். கோடையில் உதிரும் வெள்வேலங்காய்களை மாடும் ஆடும் விரும்பித் தின்னும். எனினும் அவை மட்டும் ஒரு சினைப் பசுவின் தேவைக்குப் போதுமானவை அல்ல.

பாசனப் பகுதிகளின் நிலை வேறு. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் சுமார் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. வாய்க்கால் ஓரக் கிராமங்களில் வைக்கோலும் கரும்புத் தோகையும் கிடைக்கின்றன. மானாவாரிக் கிராமங்களில் சோளத்தட்டும் கடலைக்கொடியுமே கோடையின் ஆதாரம். ஆனால் வைக்கோல், தோகை, சோளத்தட்டு ஆகிய மூன்றுக்குமே பொதுவான குறை ஒன்று உண்டு. அவற்றில் புரதம் மிகக் குறைவு.

சினைக்காலமும் பருவமும்

நாட்டுப் பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 285 நாட்கள். கருவின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி 3 மாதங்களில்தான் சேர்கிறது. ஆகவே அந்த 3 மாதங்கள் எந்தப் பருவத்தில் வருகின்றன என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது பயனுள்ளது.

ஆடி மாதத் தொடக்கத்தில், அதாவது ஜூலை நடுவில், சினையான பசு சித்திரையில் கன்று ஈனும். அதன் கடைசி 3 மாதங்கள் தை, மாசி, பங்குனி. மேய்ச்சல் குறைந்துகொண்டே போகும் காலமும் இதுவே. கார்த்திகை இறுதியில் சினையான பசு புரட்டாசியில் கன்று ஈனும். அதற்குக் கோடை நடுச்சினையில் வந்துபோய்விடும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் அதன் கடைசிக் கட்டமும் வறட்சியிலேயே கழியும்.

இதே சிக்கல் குளிர்நாடுகளில் வேறு வடிவில் உள்ளது. கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் இறைச்சிக்கான கன்றுகளை ஈனும் பசுக்கள் கோடையில் சினையாகி வசந்த காலத்தில் ஈனுகின்றன. அவற்றின் கடைசிச் சினைக்காலம் பனிமூடிய குளிர்காலத்தில் வருகிறது. காய்ந்த புல்லை மட்டும் தின்ற பசுக்களையும், அதனுடன் சிறிதளவு புரதத்தீவனம் பெற்ற பசுக்களையும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுப் புல்வெளிகளில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுள்ளனர். புரதம் பெற்ற தாய்களின் கன்றுகள் பால்மறக்கும் வயதில் கூடுதல் எடையுடன் இருந்தன. அவற்றின் கிடாரிகள் பின்னாளில் கூடுதலான விகிதத்தில் சினைபிடித்தன. தாயின் வயிற்றில் இருக்கும்போது கிடைக்கும் ஊட்டம் கன்றின் பிற்கால வாழ்வையும் பாதிக்கிறது என்பதற்கு இது ஒரு சான்றாகக் கருதப்படுகிறது.

காங்கேயம் பசுவை இவற்றோடு ஒப்பிடுவது பொருத்தமானது. அது முதன்மையாக உழவுக்கும் வண்டிக்குமான இனம். பால் குறைவாகவே தரும். எனவே அப்பசுவிடமிருந்து வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பெரும்பயன் கன்றுதான்.

உலர்தீவனத்தின் குறைபாடு

தட்டுப்போர் நிறைய இருந்தும் மாடு இளைப்பது ஏன் என்ற கேள்வி உழவர்களிடையே அடிக்கடி எழுவதாகும். இதற்கான விடை மாட்டின் முதல் இரைப்பையில் உள்ளது. அசைபோடும் விலங்குகளில் நாரைச் செரிப்பவை அந்த இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே. அவை பெருகுவதற்குத் தீவனத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் நுண்ணுயிர்கள் குறையும். நார் செரிப்பது மெதுவாகும். தின்ற தட்டு இரைப்பையிலேயே நெடுநேரம் தங்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேலும் தின்னாது.

இதனால் புரதக் குறைவு இருமடங்கு இழப்பாகிறது. புரதமும் கிடைப்பதில்லை, தட்டில் உள்ள எரிசக்தியும் முழுமையாகக் கிடைப்பதில்லை. சினையின் இறுதியில் கன்று வளர்ந்து வயிற்றுக்குள் இடத்தை அடைத்துக்கொள்வதால், பசு தின்னும் அளவு மேலும் சுருங்கும். அந்த நிலையில் பசு தன் உடலின் கொழுப்பையும் தசையையும் கரைத்துக் கன்றை வளர்க்கிறது.

சிறிதளவு புண்ணாக்கோ தழையோ சேர்க்கும்போது நிலை மாறுகிறது. நுண்ணுயிர்கள் பெருகி, பசு அதே தட்டைக் கூடுதலாகத் தின்று நன்றாகச் செரிக்கிறது. எனவே புரதத்தீவனத்தைத் தட்டுக்கு மாற்றாக அல்லாமல், தட்டைப் பயன்பட வைக்கும் துணையாகவே கொள்ள வேண்டும்.

தேவையைக் கணக்கிடும் முறை

முதலில் பசுவின் எடையை அறிய வேண்டும். எடைமேடை இல்லாத இடத்தில் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 53 அங்குலம் எனில்:

66 × 66 × 53 ÷ 660 = ஏறத்தாழ 350 கிலோ

ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு வரை உலர்பொருள் தின்னும். 350 கிலோ பசுவுக்கு இது குறைந்தது 7 கிலோ. சினையின் கடைசிக் கட்டத்தில் அந்த உலர்பொருளில் சுமார் 8 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும்.

தேவையான புரதம்: 7 கிலோவில் 8 விழுக்காடு = 560 கிராம்
சோளத்தட்டு தரும் புரதம்: 7 கிலோவில் 4 விழுக்காடு = 280 கிராம்
பற்றாக்குறை: 280 கிராம்

இந்த 280 கிராமை ஏறத்தாழ ஈடுசெய்யப் பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று போதும்:

- கடலைப் புண்ணாக்கு (புரதம் சுமார் 40 விழுக்காடு): 700 கிராம்
- தேங்காய்ப் புண்ணாக்கு (சுமார் 20 விழுக்காடு): 1.4 கிலோ
- பருத்திக்கொட்டை (சுமார் 18 விழுக்காடு): 1.5 கிலோ
- அகத்தி அல்லது சவுண்டல் பச்சைத்தழை: 5 கிலோ
- வீட்டில் தயாரித்த கலப்புத்தீவனம் (சுமார் 18 விழுக்காடு): 1.5 கிலோ

ஒரே பொருளைக் கொடுப்பதைவிட இரண்டைப் பாதியளவாகச் சேர்ப்பது நல்லது. ஒன்றின் விலை ஏறும்போது மற்றொன்றைக் கூட்டிக்கொள்ளவும் அது வழிசெய்யும்.

கூடுதல் தீவன வகைகள்

பருத்திக்கொட்டை: கொங்கு நாட்டில் நெடுங்காலமாக உழவு மாடுகளுக்கும் சினை மாடுகளுக்கும் கொடுக்கப்படுவது. இரவு ஊறவைத்து, காலையில் ஆட்டித் தண்ணீரில் கலந்து தருவார்கள். புரதத்துடன் எண்ணெய்ச்சத்தும் இருப்பதால் எரிசக்தியும் கிடைக்கிறது.

கலப்புத்தீவனம்: 100 கிலோ தயாரிக்க, உடைத்த சோளம், கம்பு அல்லது மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25 கிலோ, தவிடு 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ ஆகியவற்றைக் கலக்கலாம்.

மரத்தழை: வேலியோரமும் வரப்பிலும் அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா போன்றவற்றை வளர்த்தால் கோடையிலும் பச்சை கிடைக்கும். ஆழமாக வேர்விடும் மரங்கள் புல் காய்ந்த பிறகும் தழைக்கும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத புரதம் இதுவே. சவுண்டலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், அதை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது.

கடலைக்கொடி: நிலக்கடலை அறுவடைக்குப் பின் இலை உதிராமல் உலர்த்திச் சேமித்த கொடி, சோளத்தட்டைவிட இருமடங்குக்கு மேல் புரதம் கொண்டது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொடியைச் சினை மாட்டுக்குத் தவிர்க்க வேண்டும்.

யூரியா ஊட்டிய வைக்கோல்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுமையாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் 21 நாட்கள் மூடி வைக்க வேண்டும். இதனால் புரத அளவு 3 அல்லது 4 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காட்டுக்கு மேல் உயர்கிறது. நாரும் மென்மையாகிறது. கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் விரித்து ஆறவிட வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. யூரியாவை நேரடியாகத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பது மாட்டின் உயிருக்கே ஆபத்தாகும்.

தீவனச் சோளம்: கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் சில சென்ட் நிலத்திலாவது தீவனப்பயிர் வைப்பது பயன்தரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.எப்.எஸ். 29 மறுதாம்புத் தீவனச் சோளமும், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இரகங்களும் இப்பகுதியில் பரவலாகப் பயிரிடப்படுகின்றன.

தாது உப்பு, உயிர்ச்சத்து, நீர்

காய்ந்த தட்டில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அது குறைந்த மாடு எலும்பு, மண், துணி ஆகியவற்றைத் தின்ன முற்படும். நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும் 30 கிராம் சாதாரண உப்பும் தீவனத்தில் சேர்க்க வேண்டும். கரும்புத் தோகையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடுவதால், தோகை தின்னும் மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை கட்டாயம் தேவை.

உயிர்ச்சத்து 'ஏ' பச்சைத் தீவனத்திலிருந்தே கிடைக்கிறது. மழைக்காலத்தில் பசு தன் ஈரலில் சேமித்து வைப்பது சில மாதங்களுக்கே போதும். நீண்ட கோடையில் பச்சையே காணாத பசு, பார்வைக் குறையுள்ள அல்லது வலுவற்ற கன்றை ஈனலாம். சீம்பாலிலும் இந்த உயிர்ச்சத்து குறைந்துவிடும். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோ அகத்தித்தழையோ முருங்கைத்தழையோ கிடைத்தால் இக்குறை பெருமளவு நீங்கும்.

கோடையில் 350 கிலோ பசு நாளொன்றுக்கு 35 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தட்டு தின்பதும் குறையும். தொட்டியை நிழலில் அமைப்பதும், மேய்ச்சல் நேரத்தை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றுவதும் நல்லது.

எச்சரிக்கைகள்

தண்ணீரின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஐதரசன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு உருவாகும். கோடை மழைக்குப் பின் காட்டுக்குள் புகுந்து இத்தகைய துளிரைத் தின்ற மாடுகள் மூச்சுத்திணறி விரைவில் இறந்துவிடும். அறிகுறி தெரிந்தவுடன் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நன்கு முற்றிக் காய்ந்த தட்டில் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு இருக்கும். விலை மலிவு என்று அதை வாங்குவது நட்டத்தில் முடியும்.

அதிகம் கொடுத்தால் கன்று பெருத்து ஈனுவது கடினமாகும் என்ற அச்சத்தில் சிலர் கடைசி மாதங்களில் தீவனத்தைக் குறைக்கின்றனர். பசு அளவுக்கு மீறிக் கொழுத்தால் ஈனுவது கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் கோடையில் தட்டை மட்டும் தின்னும் பசு அந்த நிலையை அடைவதில்லை. மாறாக, பட்டினியால் தளர்ந்த பசு கன்றை வெளித்தள்ளும் வலுவையே இழக்கிறது.

உடல்நிலையைக் கண்டறிதல்

தீவனம் போதுமா என்பதைப் பசுவின் உடலே காட்டும். கடைசி இரண்டு விலா எலும்புகள் மட்டும் இலேசாகத் தெரிந்தால் நிலை ஏற்கத்தக்கது. எல்லா விலா எலும்புகளையும் தூரத்திலிருந்தே எண்ண முடிந்தாலோ, முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தி நின்றாலோ, வாலடியின் இருபுறமும் குழி விழுந்திருந்தாலோ பசு தன் உடலைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வயிற்றின் பருமனை வைத்து மதிப்பிடுவது தவறு. செரிக்காத தட்டும் வளரும் கன்றும் சேர்ந்து, இளைத்த பசுவையும் பருத்ததுபோலக் காட்டும். ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் சரிசெய்ய 3 மாதங்கள் இருக்கும். ஒன்பதாம் மாதத்தில் கண்டுபிடித்தால் காலம் கடந்திருக்கும்.

போதாமையின் விளைவுகள்

விளைவு முதலில் கன்றில் தெரியும். மெலிந்த பசுவின் கன்று எழுந்து நின்று பால் குடிக்கத் தாமதிக்கும். சீம்பாலின் அளவும் குறையும். நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்கு உறிஞ்சும். ஆகவே இந்தத் தாமதம் பின்னர் கழிச்சலாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படும். நஞ்சுக்கொடி தங்குவதும் இத்தகைய பசுக்களில் கூடுதல்.

அடுத்த விளைவு சில மாதங்கள் கழித்தே தெரியவரும். எலும்பும் தோலுமாக ஈன்ற பசு, கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இழந்த உடலையும் மீட்க வேண்டும். அதுவரை அது பருவத்துக்கு வராது. பருவச் சுழற்சி 21 நாட்களுக்கு ஒன்று என்பதால், தவறும் ஒவ்வொரு சுழற்சியும் அடுத்த கன்றை 3 வாரம் தள்ளிப்போடுகிறது. ஆண்டுக்கு ஒரு கன்று ஈனக்கூடிய பசு இரண்டு ஆண்டுக்கு ஒன்றாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். 90 நாட்களுக்குத் தினம் 700 கிராம் புண்ணாக்கு என்றால் மொத்தம் 63 கிலோ. அந்தச் செலவை மிச்சப்படுத்தியவர் ஒரு கன்றையே இழக்க நேரிடலாம்.

வறட்சிக் காலமும் இனப் பாதுகாப்பும்

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 சனவரி 10 அன்று மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அரசு உலர்தீவனக் கிடங்குகளைத் திறந்து மானிய விலையில் வைக்கோல் வழங்கியது. இத்தகைய உதவி மாட்டை உயிருடன் காக்கும். ஆனால் சினைப் பசுவின் புரதத் தேவை அதனால் நிறைவேறாது.

வறட்சியில் முதலில் சந்தைக்குப் போவது பெரும்பாலும் பால் தராத மாடுகளே. அவற்றுள் சினை மாடுகளும் அடங்கும். ஈரோடு கருங்கல்பாளையம் போன்ற பெரிய சந்தைகளில், வறட்சியின்போது மாடு வரத்து கூடி விலை சரிகிறது. மழை பெய்தபின் அதே தரத்து மாட்டைத் திரும்ப வாங்கக் கூடுதல் விலை தர வேண்டியுள்ளது. உழவு இயந்திரங்களின் வருகையால் ஏற்கெனவே குறைந்துவரும் காங்கேயம் இனத்துக்கு, விற்கப்படும் ஒவ்வொரு சினைப் பசுவும் இரட்டை இழப்பாகும். பாளையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மந்தைகளும், குட்டப்பாளையத்தில் செயல்படும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் இந்த இனத்தின் பாதுகாப்பில் அறியப்பட்டவை. எனினும் இனத்தின் எதிர்காலம், இரண்டு மூன்று பசு வைத்திருக்கும் சிறு உழவர்களின் கட்டுத்தரைகளையே பெரிதும் சார்ந்துள்ளது.

முன்னேற்பாடு

கோடைத் தீவனத்துக்கான திட்டம் மழைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

- ஐப்பசி, கார்த்திகை: வேலியோரம் அகத்தி, சவுண்டல் நடுதல். ஒரு கொறங்காட்டையாவது மேய்க்காமல் கோடைக்கு ஒதுக்கிவைத்தல்.
- மார்கழி, தை: விலை ஏறுமுன் தட்டு சேமித்தல். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 7 கிலோ வீதம் 120 நாட்களுக்கு 840 கிலோ தேவை. தட்டை நறுக்கிக் கொடுத்தால் வீணாவது குறையும். சினைப் பரிசோதனை செய்து ஈனும் மாதத்தைக் குறித்துவைத்தலும் இம்மாதங்களிலேயே நடக்க வேண்டும்.
- மாசி முதல் வைகாசி வரை: ஏழாம் மாதம் தாண்டிய பசுக்களைத் தனியே கட்டிப் புரதத்தீவனம் அளித்தல். கறக்கும் பசுவாயின் ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன் பாலை வற்றவிடுதல்.

புரதத்தீவனம் எல்லா மாடுகளுக்கும் போதாதபோது, முதலிடம் தலைச்சினைக் கிடாரிக்கும், அடுத்த இடம் இளைத்த சினைப் பசுவுக்கும் தரப்பட வேண்டும். தலைச்சினைக் கிடாரி கன்றை வளர்ப்பதோடு தானும் வளர வேண்டியுள்ளது. தீவன ஆலோசனைக்கு அரசு கால்நடை மருந்தகங்களையும், ஈரோட்டிலும் திருப்பூரிலும் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்களையும், கோபிசெட்டிபாளையம் மைராடா வேளாண் அறிவியல் நிலையத்தையும் உழவர்கள் அணுகலாம்.